ஓபன் ரான் என்றால் என்ன? செல்போன் டவருக்குள் நடக்கும் ஒரு பேரம்

உங்கள் கையில் இருப்பது ஐபோனாக இருக்கலாம், சாம்சங்காக இருக்கலாம், ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பெயர் தெரியாத போனாகவும் இருக்கலாம். சிம்மைப் போட்டதும் பக்கத்து டவரோடு பேசிவிடுகிறது. டவரில் இருப்பது எரிக்சன் கருவியா நோக்கியா கருவியா என்று போன் விசாரிப்பதில்லை. போனுக்கும் டவருக்கும் நடுவே போகிற அலை எப்படி இருக்க வேண்டும் என்பதை 3ஜிபிபி என்ற உலகளாவிய தர அமைப்பு வரி வரியாக எழுதிவைத்திருக்கிறது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் கருவி செய்கிறார்கள்.

அதே டவரில், மேலே தொங்கும் பெட்டிக்கும் கீழே அலமாரியில் இருக்கும் பெட்டிக்கும் இடையில் இந்தச் சுதந்திரம் கிடையாது. எரிக்சனின் மேல் பெட்டி எரிக்சனின் கீழ்ப் பெட்டியோடு மட்டும்தான் பேசும். நோக்கியாவும் ஹுவாவேயும் அப்படியே. இந்த இரண்டு பெட்டிகளையும் வெவ்வேறு கம்பெனிகளிடம் வாங்கிப் பொருத்த முடிய வேண்டும் என்பதுதான் ஓபன் ரான். ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் உலகின் பெரிய செல்போன் கம்பெனிகள் பல ஆண்டுகளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

டவரில் என்னென்ன இருக்கிறது

டவரை அண்ணாந்து பார்த்தால் உச்சியில் செங்குத்தாக நீண்ட வெள்ளைப் பலகைகள் தெரியும். அவை ஆன்டெனாக்கள்; பெரும்பாலும் மூன்று திசைகளைப் பார்த்தபடி இருக்கும். அவற்றின் பின்னாலோ கீழேயோ, சூட்கேஸ் அளவில், சூடு வெளியேற முதுகில் வரிசையாக அலுமினியத் தகடுகள் வைத்த பெட்டி இருக்கும். அதுதான் ரேடியோ யூனிட். புதிய 5ஜி டவர்களில் ஆன்டெனாவும் ரேடியோவும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. அங்கிருந்து ஃபைபர் கேபிளும் கரன்ட் கேபிளும் டவரின் காலோடு ஒட்டி இறங்கி, கீழே உள்ள இரும்பு அலமாரிக்குள் நுழையும். அலமாரியில் இருப்பது பேஸ்பேண்ட் யூனிட்.

ரேடியோவின் வேலை அலையை அனுப்புவதும் பிடிப்பதும். மூளை பேஸ்பேண்ட்தான். எந்த போனுக்கு எந்தத் தருணத்தில் எவ்வளவு இடம், வழியில் சிதைந்த தகவலை எப்படிச் சரிசெய்வது, நகரும் பேருந்தில் இருப்பவரை அடுத்த டவரிடம் எப்போது ஒப்படைப்பது, எல்லாம் அதன் கணக்கு. இந்த இரண்டும் சேர்ந்ததற்குப் பெயர் ரேடியோ ஆக்சஸ் நெட்வொர்க், சுருக்கமாக ரான். இதற்குப் பின்னால், யார் எந்த பிளானில் இருக்கிறார், அவரை இன்டர்நெட்டோடு எப்படி இணைப்பது என்று பார்க்கும் கோர் தனியே இருக்கிறது. அது சில ஊர்களில் இருந்தால் போதும். ரான் ஊர் ஊராக, தெருத் தெருவாக வேண்டும். ஆபரேட்டர் கருவிக்காகச் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது.

5ஜி வந்தபோது பேஸ்பேண்டையே இரண்டாகப் பிரித்தார்கள். மின்னல் வேகத்தில் நடக்க வேண்டிய வேலைகளைச் செய்யும் டி.யு. டவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். கொஞ்சம் நிதானமாகச் செய்யலாம் என்கிற வேலைகள் சி.யு.விடம் போயின. அது நகரத்தில் ஒரு டேட்டா சென்டரில் உட்கார்ந்து பல டவர்களைக் கவனிக்கலாம். சி.யு.வும் டி.யு.வும் பேசும் மொழியை 3ஜிபிபியே எழுதிவிட்டது. டி.யு.வுக்கும் ரேடியோவுக்கும் நடுவே உள்ள இணைப்பு, அதாவது ஃபிரன்ட்ஹால், அதில்தான் பிரச்சினை.

பூட்டு எப்படி விழுந்தது

ஃபிரன்ட்ஹாலுக்குப் பொதுவிதி இல்லாமல் இல்லை. எரிக்சன், ஹுவாவே, என்.இ.சி., நார்டெல், சீமென்ஸ் ஆகியவை சேர்ந்து 2003-இல் சி.பி.ஆர்.ஐ. என்ற விதியை வெளியிட்டன. ஆனால் அதில் ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு நிரப்பிக்கொள்ள நிறைய இடம் விட்டிருந்தார்கள். ஆளாளுக்கு நிரப்பியதில், பெயரளவில் எல்லாம் சி.பி.ஆர்.ஐ., நடைமுறையில் ஒன்றோடொன்று சேராது என்றாகிவிட்டது.

இதன் விளைவை ஆபரேட்டரின் பர்ச்சேஸ் மேனேஜர் இடத்திலிருந்து பாருங்கள். ஒரு மாநிலம் முழுக்க ஒரு கம்பெனியின் பேஸ்பேண்ட் வாங்கியாகிவிட்டது. ஐந்து வருடம் கழித்துப் புது அலைவரிசை ஏலத்தில் கிடைக்கிறது, அதற்கு ரேடியோ வேண்டும். வேறொரு கம்பெனியின் ரேடியோ மலிவாகவும் நன்றாகவும் இருந்தாலும் பயனில்லை. பழைய கம்பெனி சொல்கிற விலைதான் விலை. பிடிக்கவில்லை என்றால் மாநிலம் முழுக்க ஒவ்வொரு டவரிலும் ஆள் ஏற்றி, மேலே கீழே எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டும்.

விற்பவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். நார்டெல் 2009-இல் திவாலானது. மோட்டரோலாவின் நெட்வொர்க் தொழிலை நோக்கியா சீமென்ஸ் வாங்கியது. அல்காடெலும் லூசென்டும் 2006-இல் ஒன்றாகி, பத்து வருடத்தில் நோக்கியாவுக்குள் போய்விட்டன. இன்றைக்கு ஹுவாவே, எரிக்சன், நோக்கியா, ஸெட்.டி.இ., சாம்சங் என்ற ஐந்தின் கையில்தான் உலக ரான் சந்தையின் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இருக்கிறது.

அப்புறம் அரசியல் வந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா சீனக் கருவிகளை விலக்கியது. பிரிட்டன் 2020 ஜூலையில், 5ஜியில் உள்ள ஹுவாவே கருவிகள் எல்லாம் 2027 முடிவதற்குள் அகற்றப்பட வேண்டும் என்று அறிவித்தது. இந்தியாவில் 2021 ஜூனிலிருந்து, அரசு நம்பகமானது என்று ஒப்புக்கொண்ட இடத்திலிருந்துதான் ஆபரேட்டர்கள் புதுக் கருவி வாங்கலாம். ஐந்து கடை இருந்த தெருவில் இரண்டை மூடினால் மீதி மூன்றும் என்ன விலை சொல்லும் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆபரேட்டர்கள் அதற்கு முன்பே ஒன்றுசேரத் தொடங்கியிருந்தார்கள். 2018 பிப்ரவரியில் ஏ.டி. அண்ட் டி., சைனா மொபைல், டாய்ச் டெலிகாம், என்.டி.டி. டோகோமோ, ஆரஞ்ச் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஓ-ரான் அலையன்ஸைத் தொடங்கின. கவனியுங்கள், ஐந்துமே கருவி வாங்குகிறவர்கள். அந்தக் கூட்டணியிலேயே ஒரு சீன ஆபரேட்டர் நிறுவனராக இருப்பதால் ஓபன் ரான் என்பது சீனாவுக்கு எதிராகப் பிறந்த யோசனை என்று சொல்வது சரியில்லை. பிறந்தது விலைப் பேரத்துக்காக. அரசாங்கங்கள் பின்னால் வந்து தூக்கிக்கொண்டன.

இரண்டு பெட்டிக்கு நடுவே என்ன நடக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மொத்த விஷயத்தின் கடினமும் இங்கேதான்.

பழைய முறையில் ரேடியோ எந்தக் கணக்கும் போடாது. ஆன்டெனா பிடித்த அலையை அப்படியே எண்களாக மாற்றிக் கீழே கொட்டிவிடும். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி என்றால் நொடிக்கு 3 கோடியே 7 லட்சத்து 20 ஆயிரம் முறை அலையை அளந்து, ஒவ்வொரு அளவையும் 30 பிட்டாக அனுப்ப வேண்டும். ஒரே ஒரு ஆன்டெனாவுக்கு நொடிக்கு ஒரு ஜிகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 4ஜி காலத்தில் நாலு ஆன்டெனா, சமாளித்தார்கள். 5ஜியில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம், பெட்டிக்குள் 64 ஆன்டெனா வழிகள். அதே முறையில் போனால் ஒரு பெட்டிக்கே 200 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும். போனில் யாரும் எதையும் பார்க்காத நடுராத்திரியிலும் அவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் இது தகவல் அல்ல, அலையின் அளவு.

அதனால் ஓ-ரான் அலையன்ஸ் வேலையைக் கொஞ்சம் மேலே ஏற்றியது. காற்றில் வந்த அலையைத் தனித்தனிச் சிறு அலைகளாகப் பிரிக்கும் கணக்கை ரேடியோவே போட்டுவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் 5ஜியில் இப்படி 3,276 சிறு அலைகள் கிடைக்கும். 64 ஆன்டெனாவின் அலைகளையும் சேர்த்து எட்டோ பதினாறோ ஓடைகளாகச் சுருக்குவதும் ரேடியோவின் பொறுப்பு. பிழை திருத்தம், யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடு எல்லாம் கீழே டி.யு.விடம். இப்படி வெட்டினால் 25 ஜிகாபிட் இணைப்பு ஒன்றிரண்டில் அடங்கிவிடும். இந்த வெட்டுக்கு 7.2எக்ஸ் என்று பெயர். 3ஜிபிபி எங்கெங்கே வெட்டலாம் என்று 1 முதல் 8 வரை எண் போட்டு வைத்திருந்தது. அதில் ஏழாவதின் ஒரு கிளை இது.

வெட்டியாயிற்று, இனி நேரம். டவரில் எல்லாம் கடிகாரத்தை வைத்துத்தான் நடக்கும். பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் முறையில், பக்கத்துப் பக்கத்து டவர்களின் கடிகாரங்கள் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்ற அளவுக்கு ஒத்துப்போக வேண்டும். தவறினால் ஒன்று கேட்கிற நேரத்தில் மற்றொன்று கத்தும். ரேடியோவுக்கும் டி.யு.வுக்கும் இடையே ஒருவழிப் பயணத்துக்குச் சுமார் 100 மைக்ரோவினாடிதான் அவகாசம். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போகவே 5 மைக்ரோவினாடி ஆகும். ஆக, டி.யு.வை எங்கோ தொலைதூர டேட்டா சென்டரில் வைக்க முடியாது. சுமார் 20 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும்.

இரண்டு பெட்டியும் ஒரே கம்பெனி செய்தது என்றால் இந்த மைக்ரோவினாடிக் கணக்குகளை அவர்கள் தங்கள் லேபிலேயே சரிசெய்துவிடுவார்கள். வெவ்வேறு கம்பெனி என்றால், விதிப்புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு விருப்பத் தேர்வையும் இருவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும். தகவலைச் சுருக்க எத்தனை பிட், எந்தச் செய்தி எவ்வளவு முன்னதாக வர வேண்டும் என்று பட்டியல் நீளும். இருவருமே விதிப்படி செய்திருந்தும் சேராமல் போவது உண்டு. இதற்காகவே அலையன்ஸ் அவ்வப்போது பிளக்ஃபெஸ்ட் என்று கூட்டம் போட்டு, ஆளுக்கொரு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி மாட்டிப் பார்க்கிறது.

7.2எக்ஸ் குறையில்லாதது என்றும் சொல்ல முடியாது. 64 ஆன்டெனா பெட்டியில், போனிலிருந்து டவருக்கு வரும் திசையில் திறன் குறைகிறது என்று எரிக்சன் நீண்ட நாள் வாதாடியது. தன் சந்தையைக் காக்கச் சொல்கிறது என்று பலர் நினைத்தார்கள். அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் சொன்ன விஷயம் சரி. 2023-இல் அலையன்ஸே ரேடியோவிடம் இன்னும் கொஞ்சம் கணக்கைக் கொடுக்கும் மாற்று வழிகளை ஏற்றுக்கொண்டது.

இரண்டு குழப்பங்கள்

ஓபன் ரான் என்றதும் ஓபன் சோர்ஸ் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை. திறந்திருப்பது இணைப்பின் விதி மட்டும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் அந்தந்தக் கம்பெனியின் சொத்து, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

டவரைப் பகிர்ந்துகொள்வதும் இதுவல்ல. இந்தியாவில் ஒரே டவரில் இரண்டு மூன்று ஆபரேட்டர்களின் பெட்டிகள் தொங்குவதும், டவர் இன்டஸ் போன்ற ஒரு மூன்றாவது கம்பெனிக்குச் சொந்தமாக இருப்பதும் சாதாரணம். அது இரும்புச் சட்டத்தையும் கரன்டையும் பகிர்வது. பெட்டிகள் அவரவருடையவை, பூட்டும் அவரவருடையது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடலாம்: வி-ரான். பேஸ்பேண்டுக்கென்று தனிச் சிப் வைத்த பெட்டி வேண்டாம், டேட்டா சென்டரில் இருப்பது போன்ற சாதாரண சர்வரில் மென்பொருளாக ஓட்டலாம் என்பது அது. ஓபன் ரானும் வி-ரானும் பெரும்பாலும் ஜோடியாக வரும், ஆனால் ஒன்று இல்லாமலும் மற்றது இருக்கலாம். சாதாரண சர்வர் பிழை திருத்தக் கணக்கில் திணறும், கரன்டும் தின்னும். அதற்கென்று தனி அட்டை செருக வேண்டியிருக்கிறது. தனிச் சிப்பை வாசல் வழியாக அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்டது போலத்தான்.

போட்டுப் பார்த்தவர்கள்

துணிந்து இறங்கியது ஜப்பானின் ரகுடென். ஆன்லைன் வியாபாரக் கம்பெனி; அதுவரை சொந்தமாக ஒரு செல்போன் டவர்கூட நட்டதில்லை. அதுவே அதற்கு வசதி, கழற்ற வேண்டிய பழைய பெட்டி எதுவும் கிடையாது. நிறுவனர் ஹிரோஷி மிகிடானி, ரிலையன்ஸ் ஜியோவில் வேலை பார்த்த டாரெக் அமினைத் தொழில்நுட்பத் தலைவராகக் கொண்டுவந்தார். பேஸ்பேண்ட் மென்பொருள் ஆல்டியோஸ்டார், 4ஜி ரேடியோ நோக்கியா, 5ஜி ரேடியோ என்.இ.சி. என்று ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். 2019 அக்டோபரில் திறப்பதாகச் சொன்னது தள்ளிப்போய் 2020 ஏப்ரலில் திறந்தது. மாதம் 2,980 யென், தன் சொந்த டவர்களின் எல்லைக்குள் அளவில்லாத டேட்டா, முதல் 30 லட்சம் பேருக்கு ஒரு வருடம் இலவசம். கட்டுமானச் செலவில் 40 சதவீதம் மிச்சம் என்று கம்பெனி சொன்னது.

தொழில்நுட்பம் ஓடியது, அதில் சந்தேகமில்லை. நாடு முழுக்க இப்படி ஒரு நெட்வொர்க் ஓட முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் ரகுடென் மொபைல் வருடக்கணக்கில் பெரும் நஷ்டத்தில் போனது. பெட்டியில் மிச்சம் பிடித்தாலும் டவருக்கு இடம் பிடிப்பதிலும், கம்பம் நடுவதிலும், வாடிக்கையாளரைப் பிடிப்பதிலும் மிச்சம் பிடிக்க முடியாது. நடுவே சேர்த்துவைக்கும் வேலையை ரகுடென் தானே கற்றுக்கொண்டது, பெங்களூரில் பெரிய குழு வைத்திருந்த ஆல்டியோஸ்டாரை 2021-இல் விலைக்கே வாங்கியது. பிறகு அந்தக் கைத்திறனை ரகுடென் சிம்பொனி என்ற பெயரில் மற்ற ஆபரேட்டர்களுக்கு விற்கத் தொடங்கியது. ஜெர்மனியின் 1&1 என்ற ஆபரேட்டர் அதன் முதல் பெரிய வாடிக்கையாளர்.

அமெரிக்காவில் டிஷ் என்ற கம்பெனி இதே பாதையில் இன்னும் ஒரு படி மேலே போனது. மென்பொருளை அமேசானின் கிளவுடில் ஏற்றி, 2022 மே மாதம் லாஸ் வேகஸில் தொடங்கியது. 2023 நடுவில் அமெரிக்க மக்களில் 70 சதவீதத்தினருக்கு எட்டும் அளவு கட்டியும் முடித்தது. வாடிக்கையாளர்தான் வரவில்லை. 2025-இல் அதன் தாய்க் கம்பெனி எக்கோஸ்டார், ஒழுங்குமுறை ஆணையத்தின் நெருக்கடிக்கு நடுவே, அலைவரிசையை 2,300 கோடி டாலருக்கு ஏ.டி. அண்ட் டி.க்கும், இன்னொரு பங்கைச் சுமார் 1,700 கோடி டாலருக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்க ஒப்பந்தம் போட்டது. இதை ஓபன் ரானின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்காவது கடையாக நுழைந்தவர் படும் பாடு அது, எந்தப் பெட்டி வைத்திருந்தாலும் பட்டிருப்பார்.

ஏற்கெனவே நெட்வொர்க் வைத்திருப்பவர்களின் அனுபவம்தான் நமக்கு அதிகம் சொல்லும். பிரிட்டனின் வோடஃபோன் 2022 ஜனவரியில் பாத் நகரில் முதல் டவரை இயக்கியது. வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் 2,500 இடங்களை 2027-க்குள் மாற்றுவது திட்டம். எப்படியும் ஹுவாவேயைக் கழற்றியாக வேண்டும், ஏற்றுகிற ஆளை ஒரு தடவை ஏற்றுவோம் என்ற கணக்கு. மென்பொருள் சாம்சங், சில ரேடியோக்கள் என்.இ.சி., சர்வர் டெல்.

ஏ.டி. அண்ட் டி. செய்ததுதான் விவாதத்தைக் கிளப்பியது. 2023 டிசம்பரில் ஐந்து வருடத்துக்கு 1,400 கோடி டாலர் வரை ஓபன் ரானுக்கு என்று அறிவித்தார்கள். 2026 கடைசிக்குள் 70 சதவீத வயர்லெஸ் டேட்டா திறந்த இணைப்புள்ள கருவிகள் வழியாகப் போகும் என்றார்கள். ஒப்பந்தம் யாரோடு? எரிக்சனோடு. பல கம்பெனி வாங்குவதற்காகப் பிறந்த யோசனையின் மிகப்பெரிய ஆர்டர், ஏற்கெனவே முதல் வரிசையில் இருக்கிற ஒரே கம்பெனிக்கு. நோக்கியா வெளியே போனது. வேறு கம்பெனியின் ரேடியோவை எரிக்சன் பேஸ்பேண்டில் மாட்டும் வேலையும் அதே திட்டத்தில் இருக்கிறது, ஃபுஜிட்சுவின் பெயரை முதலிலேயே சொன்னார்கள். கதவைத் திறந்துவைத்தார்கள், யார் யார் நுழைவார்கள் என்பது வேறு.

யாரைக் கூப்பிடுவது?

ஏன் இப்படி ஒரே ஆளிடம் போகிறார்கள் என்பது, கல்யாணத்துக்குப் பந்தல், சமையல், மைக்செட் என்று தனித்தனியே பேசிவிட்டு முகூர்த்த நேரத்தில் கரன்ட் போனதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மைக்செட்காரர் பந்தல்காரரைக் கை காட்டுவார், பந்தல்காரர் மண்டபத்தைக் கை காட்டுவார். ஆபரேட்டருக்கு அந்த நிலைமை ராத்திரி இரண்டு மணிக்கு வரும். ஒரு டவரில் கால் கட் ஆகிக்கொண்டே இருக்கிறது. ரேடியோ கம்பெனி, டி.யு. அனுப்பும் செய்தி தாமதமாக வருகிறது என்கிறது. டி.யு. மென்பொருள் கம்பெனி, சர்வரின் கடிகாரம் சரியில்லை என்கிறது. சர்வர் கம்பெனி, நேற்று ஏற்றிய அப்டேட் எங்களுடையது அல்ல என்கிறது. மூவரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

பழைய முறையில் ஒரே நம்பர், ஒரே ஒப்பந்தம், பிடிப்பதற்கு ஒரே கழுத்து. அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் இத்தனை காலம் விலை கொடுத்துவந்தார்கள். ஓபன் ரானில் அந்த வேலை மறைந்துவிடவில்லை, கை மாறுகிறது. ஆபரேட்டர் தானே பொறியாளர் குழு வைத்துச் செய்யலாம். இல்லையென்றால் சிஸ்டம் இன்டகிரேட்டர் என்ற ஒருவரை அமர்த்தி, பேரத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கலாம். டோகோமோ முதல் வழியில் போகிறது. ஃபுஜிட்சு, என்.இ.சி., நோக்கியா கருவிகளைக் கலந்து மாட்டியே பழகிய கம்பெனி அது. 2020 மார்ச்சில் 5ஜி தொடங்கும்போதே ஓ-ரான் ஃபிரன்ட்ஹாலைப் பயன்படுத்தியது. அதிகச் சத்தம் போடாமல் இதை ஒழுங்காகச் செய்தவர் யார் என்று கேட்டால் டோகோமோவைத்தான் சொல்வேன்.

ஆர்.ஐ.சி. என்ற கட்டுப்பாட்டு மென்பொருளும் இந்தத் திட்டத்தின் ஒரு அங்கம். கூட்டமில்லாத நேரத்தில் ரேடியோவின் ஒரு பகுதியை அணைத்து கரன்ட் மிச்சம் பிடிப்பது போன்ற வேலைகளுக்கு, வெளியார் எழுதிய செயலிகளை நெட்வொர்க்கிலேயே ஓடவிடலாம் என்கிறது இது. நிதானமாக, ஒரு நொடிக்கு மேல் அவகாசம் எடுத்து வேலை செய்யும் வகை நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. அதைவிட வேகமான வகை இன்னும் பெரும்பாலும் மேடைப் பேச்சுதான்.

இந்தியாவில்

ஜியோ, ஏர்டெல் இரண்டின் 5ஜியும் எரிக்சன், நோக்கியா போன்ற பழைய பெயர்களை வைத்துத்தான் நாடு முழுக்கப் போனது; ஏர்டெலில் சாம்சங்கும் உண்டு. வோடஃபோன் ஐடியா 2024 செப்டம்பரில் நோக்கியா, எரிக்சன், சாம்சங்கோடு 360 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. வேகமாக விரிக்க வேண்டிய நேரத்தில் புதுப் பரிசோதனைக்கு யாரும் தயாராக இல்லை. நோக்கியாவின் ரேடியோக்கள் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்யப்படுபவைதான். ஆனால் பெட்டி இங்கே பிறந்தாலும் பூட்டின் சாவி வேறெங்கோதான்.

ஆராய்ச்சிப் பக்கத்தில் சென்னைக்கு முக்கியமான இடம் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் தலைமையில் எட்டு கல்வி, ஆய்வு நிறுவனங்கள் சுமார் 220 கோடி ரூபாயில் கட்டிய 5ஜி சோதனைக் களம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. சின்னக் கம்பெனி ஒன்று ரேடியோ மட்டும் செய்தால், அதை எந்த பேஸ்பேண்டில் மாட்டிச் சோதிப்பது என்பதுதான் முதல் தலைவலி. அதற்கு நாட்டுக்குள்ளேயே ஒரு இடம் கிடைத்தது.

பி.எஸ்.என்.எல். 4ஜியைப் பலர் ஓபன் ரான் என்று எழுதுகிறார்கள். 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிவைக்கப்பட்ட அந்த நெட்வொர்க்கில் ரேடியோவும் பேஸ்பேண்டும் பெங்களூரின் தேஜஸ் நெட்வொர்க்ஸ், கோர் அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாட், சேர்த்துக்கட்டியது டி.சி.எஸ். உள்நாட்டிலேயே இவ்வளவையும் செய்தது பெரிய காரியம். ஆனால் சுதேசி என்பது ஒன்று, ஓபன் என்பது இன்னொன்று. டவரின் மேல் பெட்டியையும் கீழ்ப் பெட்டியையும் தனித்தனி ஆளிடம் வாங்கிய ஏற்பாடு அல்ல அது. நாளைக்கு அந்த ரேடியோவை வைத்துக்கொண்டு பேஸ்பேண்டை மட்டும் வேறு கம்பெனியிடம் டெண்டர் விட்டால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.